முயலுக்காக போங்க, ஆனா மியூசியத்தை விட்டுடாதீங்க: ஒகுனோஷிமா அனுபவம்

ஜப்பான்ல முயல் தீவுன்னு ஒண்ணு இருக்கு, தரையில உட்கார்ந்தா போதும் கூட்டமா ஓடி வந்து மடியில ஏறிக்கும்னு ரீல்ஸ்ல எல்லாரும் பார்த்திருப்பீங்க. பொய் இல்ல. ஆனா அந்த வீடியோ நிறைய பழசு, முயல் எண்ணிக்கை ஆயிரத்தை தொட்டிருந்த காலத்துல எடுத்தது. கொரோனாவுல சுற்றுலா நின்னதும் எண்ணிக்கை நல்லா குறைஞ்சுடுச்சு, அதனால இப்ப போறவங்க முயல் வெள்ளத்தை எதிர்பார்த்து போகாதீங்க, அங்கங்க குடும்பம் குடும்பமா இருக்கும், அதுவே போதும். அந்த தீவு பேர்தான் ஒகுனோஷிமா. போர் காலத்துல ஜப்பான் ராணுவம் ரகசியமா விஷவாயு செஞ்ச ஃபேக்டரி இங்கதான் இருந்துச்சு, அதைப் பத்தின ஒரு சின்ன மியூசியமும் இருக்கு.

நாங்க கோபேல இருக்கோம். மாமாவும் அத்தையும் ஊர்ல இருந்து வந்திருந்தாங்க, வந்தா ஹிரோஷிமா கூட்டிட்டு போறது வழக்கம்தான், இந்த தடவை பொண்ணுக்கு முயல் பார்க்கணும், அதனால ரெண்டையும் சேர்த்து பிளான் போட்டோம். மாமா தூத்துக்குடியில ஒரு கெமிக்கல் பிளான்ட்ல ஷிப்ட் பார்த்து ரிட்டயர் ஆனவர். இதை ஏன் சொல்றேன்னா, நான் தனியா போயிருந்தா அந்த மியூசியத்துல பாதி விஷயம் எனக்கு கண்ணுலயே பட்டிருக்காது.

முதல்ல எப்படி போறதுன்னு சொல்லிடறேன். தீவு ஹிரோஷிமா மாகாணத்துல தகெஹாரா நகராட்சிக்குள்ள வருது, செதோ உள்நாட்டுக் கடல் நடுவுல. ஷின்கான்சென் புல்லட் ட்ரெய்ன்ல மிஹாரா ஸ்டேஷன்ல இறங்கணும். இங்க ஒரு விஷயம் கவனிங்க, மிஹாராவுல வேகமா போற நோசோமி ட்ரெய்ன் நிக்காது, எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கிற கொடாமாதான் பெரும்பாலும் நிக்கும், அதனால ஃபுகுயாமாவுலயோ ஹிரோஷிமாவுலயோ மாற வேண்டி வரும். மிஹாராவுல இருந்து குரே லைன் லோக்கல் ட்ரெய்ன், தடனோஉமி ஸ்டேஷன் வரைக்கும் அரை மணி நேரத்துக்குள்ளதான், ஆனா ட்ரெய்ன் மணிக்கு ஒண்ணு மாதிரிதான் ஓடும், விட்டா பிளாட்ஃபார்ம்ல உட்கார்ந்து இருக்க வேண்டியதுதான். ஸ்டேஷன்ல இருந்து துறைமுகம் நடந்துபோற தூரம். அங்க இருந்து படகுல கால் மணி நேரம். பெரிய பெட்டியெல்லாம் இழுத்துட்டு வராதீங்க, மிஹாராவுலயோ ஹிரோஷிமாவுலயோ ஸ்டேஷன் லாக்கர்ல போட்டுட்டு கை வீசிட்டு வாங்க.

குரே லைன்ல போகும்போது கடல் பக்க ஜன்னல்ல உட்காருங்க, பாதை ரொம்ப அழகு. ஆனா போர் காலத்துல இதே பாதையில ட்ரெய்ன் இந்த இடத்துக்கு வரும்போது கடல் பக்க ஜன்னலை மூடிடணும்னு உத்தரவு. எட்டிப் பார்க்கவே கூடாது. ராணுவ மேப்ல இருந்து தீவையே அழிச்சுட்டாங்க, 1938ல வந்த மேப்ல அந்த இடத்துல கடல் மட்டும்தான். நான் இதை ட்ரெய்ன்லயே மாமாகிட்ட சொன்னேன், அவர் ஜன்னல் வழியா அந்த தீவை பார்த்துட்டே "இவ்ளோ கிட்டவா மாப்ள? இதை எப்படி மறைச்சாங்க?"ன்னாரு. நியாயமான கேள்வி. கரையில இருந்து பார்த்தா அவ்ளோ பக்கம். மறைச்சது தூரத்தால இல்ல, வாயை கட்டித்தான். அங்க வேலை பார்த்தவங்க வீட்டுல கூட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க.

முயல் தீனி துறைமுகத்துல டிக்கெட் கொடுக்கிற கடையிலயே கிடைக்கும், அங்கயே வாங்கிடுங்க, தீவுல விக்கிறதில்ல. மனுஷ தீனியும் அப்படித்தான், தீவுல கன்வீனியன்ஸ் ஸ்டோர் ஒண்ணு கூட கிடையாது. இருக்கிறது ஒரே ஹோட்டல், கியூகாமுரான்னு, தேசிய விடுமுறை கிராமம்னு 60கள்ல தொடங்கினது, அதுல சாப்பிட இடம் இருக்கு, ஆனா இந்தப் பக்கம் ஆக்டோபஸுக்கும் மீனுக்கும் பேர் போன ஏரியா, அத்தை சுத்த சைவம், அதனால நாங்க வீட்டுல இருந்தே புளியோதரை கட்டிட்டு போனோம். சைவக்காரங்க இதை லேசா எடுத்துக்காதீங்க. மிஹாரா ஸ்டேஷன்லயாவது ஏதாவது வாங்கிக்கோங்க, ஜப்பான்ல பார்க்க சைவமா இருக்கிறதுலயும் மீன் சாறு இருக்கும்.

தண்ணி பத்தி தனியா சொல்லணும். தீவுல நிலத்தடி தண்ணியை குடிக்க எடுக்கிறதில்ல, குடிதண்ணி வெளியில இருந்துதான் கொண்டு வர்றாங்க. 90கள்ல மண்ணுலயும் தண்ணியிலயும் ஆர்சனிக் கண்டுபிடிச்சாங்க. அது எப்படி வந்துச்சுன்னு புரிஞ்சுக்க அந்த ஃபேக்டரியில என்ன செஞ்சாங்கன்னு தெரியணும், அதுக்குத்தான் மியூசியம்.

படகுல இருந்து இறங்கின உடனே முயல் வந்துடும், அதுவும் பையை மோந்து பார்க்கும், பொண்ணு அங்கயே உட்கார்ந்துட்டா. எங்க பிளான் என்னன்னா முதல்ல மியூசியம், அப்புறம் முயல். ஏழு வயசு குழந்தைகிட்ட அந்த பிளானை சொல்லிப் பாருங்க. கடைசியில அத்தையும் என் மனைவியும் பொண்ணோட வெளிய இருந்துட்டாங்க, நானும் மாமாவும் உள்ள போனோம், அப்புறம் ஆள் மாத்திக்கிட்டோம். சின்னப் பசங்க இருந்தா இதுதான் சரியான வழின்னு இப்ப எல்லார்கிட்டயும் சொல்றேன். உள்ள கொப்புளம் வெடிச்ச உடம்பு போட்டோவெல்லாம் இருக்கு, நீங்க முதல்ல பார்த்துட்டு உங்க பிள்ளைக்கு எது காட்டலாம்னு முடிவு பண்ணுங்க.

மியூசியம் ரொம்ப சின்னது, ரெண்டே அறை. 1988ல திறந்தது. கட்டணம் சொற்பம், பெரிய அரசாங்க மியூசியம் மாதிரி லைட்டு சவுண்டு எதுவும் இல்ல. முதல் பொறுப்பாளரா இருந்தவர் முராகாமி ஹட்சுஇச்சி, சின்னப் பையனா அதே ஃபேக்டரியில வேலை பார்த்தவர். தன் உடம்பு கெட்டதை மட்டும் சொல்லிட்டு நிறுத்தாம, நாங்க செஞ்சது சீனாவுல மக்களை கொன்னுச்சுன்னும் சேர்த்து பேசினவர். இது சாதாரண விஷயம் இல்ல.

இப்ப விஷயத்துக்கு வரேன். 1925 ஜெனீவா உடன்படிக்கையில விஷவாயுவை போர்ல பயன்படுத்தக்கூடாதுன்னு ஜப்பானும் கையெழுத்து போட்டுச்சு, ஆனா அதை முறைப்படி ஏத்துக்கிட்டது 1970லதான். நடுவுல 1929ல இந்த தீவுல ராணுவம் ஃபேக்டரியை திறந்தாச்சு. ஏன் இந்த இடம்னா டோக்கியோவுல இருந்து தூரம், ஏதாவது வெடிச்சாலும் கசிஞ்சாலும் தீவோட போயிடும், ரகசியம் காக்கலாம், அதே சமயம் வேலைக்கு ஆளும் கிடைப்பாங்க. சுத்துப்பட்டு ஊர்க்காரங்களுக்கு அப்ப வேலையில்லாத கஷ்ட காலம், ராணுவ ஃபேக்டரி சம்பளம்னா சந்தோஷமாத்தான் வந்திருக்காங்க. மொத்தம் 6,000க்கும் மேல ஆட்கள், கடைசி வருஷங்கள்ல ஸ்கூல் பசங்க பொண்ணுங்களையும் இழுத்து விட்டுட்டாங்க.

செஞ்சது 6,000 டன்னுக்கும் மேல. ஒவ்வொண்ணுக்கும் கலர் பேர் வச்சு கூப்பிட்டிருக்காங்க, மஸ்டர்ட் கேஸும் லூயிசைட்டும் மஞ்சள், தும்மலும் வாந்தியும் வர வைக்கிறது சிவப்பு, ஹைட்ரஜன் சயனைடு பழுப்பு, கண்ணீர் புகை பச்சை. லூயிசைட்லயும் அந்த சிவப்புலயும் ஆர்சனிக் இருக்கு. ஆர்சனிக் ஒரு தனிமம், எரிச்சாலும் புதைச்சாலும் அது ஆர்சனிக்தான், காத்துல கரைஞ்சு காணாம போகாது. அதான் ஃபேக்டரி மூடி அம்பது வருஷம் கழிச்சும் மண்ணுல கிடைச்சுச்சு. இங்க செஞ்சதை குண்டுல நிரப்புற வேலை கியூஷூ தீவுல சோனேங்கிற இடத்துல நடந்துச்சு, அங்க இருந்து சீனாவுக்கு போச்சு.

மியூசியத்துல பீங்கான்ல செஞ்ச குழாய், ஜாடி, பாத்திரமெல்லாம் வச்சிருக்காங்க. நான் ஏதோ ஊறுகாய் ஜாடியை பார்க்கிற மாதிரி பார்த்துட்டு தாண்டி போயிட்டேன். மாமா அங்கயே நின்னுட்டாரு. "ஆசிட், குளோரின் வர்ற லைன்ல இரும்பு தாங்காது மாப்ள, அதான் பீங்கான். ஆனா இதுல ஜாயின்ட் ஜாயின்ட்டா கசியும். எங்க காலத்துல குழாயை இணைக்கிற ஒரு ஃபிளாஞ்ச் லேசா கசிஞ்சாலே அலாரம் அடிச்சு ஆளை வெளியேத்துவோம்"னாரு. அப்புறம் அந்த ரப்பர் டிரஸ், முகமூடி, கையுறை இருக்கிற பக்கம் போய், கை மணிக்கட்டுகிட்ட, கழுத்துகிட்ட எங்க எங்க சீல் இல்லைன்னு எனக்கு காட்டினாரு. மஸ்டர்ட் கேஸ்னு பேர்தானே தவிர, சாதாரண வெப்பத்துல அது எண்ணெய் மாதிரி ஒரு திரவம், ரப்பரையும் மெல்ல ஊடுருவும், பட்ட உடனே வலிக்கவும் வலிக்காது, பல மணி நேரம் கழிச்சுத்தான் தோல் சிவந்து கொப்புளம் கிளம்பும். கோடைகாலத்துல வியர்வையோட அந்த டிரஸ்குள்ள ஒரு ஷிப்ட் முழுக்க நின்னிருக்காங்க. நிறைய பேருக்கு ஆயுசு முழுக்க விடாத இருமல், மூச்சுக்குழல் நோய், நுரையீரல் கேன்சர். ரகசிய ஃபேக்டரியாச்சே, போர் முடிஞ்சப்புறம் எங்கே வேலை பார்த்தேன்னு டாக்டர்கிட்ட வாய் திறக்கவே பல பேர் தயங்கியிருக்காங்க, அரசாங்க உதவி கிடைக்கவும் காலம் ஆச்சு.

மாமா வெளிய வந்து ரொம்ப நேரம் பேசல. அப்புறம் ஒண்ணு கேட்டாரு, "இதை வேலைன்னு நினைச்சுத்தானே வந்திருப்பாங்க, இல்ல?"ன்னு. எனக்கு பதில் சொல்லத் தெரியல.

சீனா பக்கம் மியூசியத்துல கொஞ்சம்தான் இருக்கு, அதனால போறதுக்கு முன்னாடியே படிச்சுட்டு போங்க, இங்கிலீஷ் விளக்கமும் கம்மி. 1942ல ஹெபெய் மாகாணத்துல பெய்தான்ங்கிற கிராமத்துல மக்கள் ஒளிஞ்சிருந்த சுரங்கப்பாதைக்குள்ள ஜப்பான் ராணுவம் விஷவாயுவை விட்டுச்சு. போர் முடிஞ்சு ஓடும்போது புதைச்சுட்டுப் போன குண்டுகள் இன்னும் சீன மண்ணுல கிடக்கு, 2003ல சீசிஹார் நகரத்துல கட்டட வேலைக்கு தோண்டும்போது மஸ்டர்ட் கேஸ் டிரம் வெளிய வந்து ஒருத்தர் இறந்து 40க்கும் மேல பேர் காயமானாங்க. 1997ல நடைமுறைக்கு வந்த ரசாயன ஆயுத உடன்படிக்கைப்படி ஜப்பான் அதையெல்லாம் அழிச்சுக் கொடுக்கணும், வேலை இன்னும் முடியல.

ஹிரோஷிமா அமைதி மியூசியத்துக்கு எல்லா டூர் கம்பெனியும் கூட்டிட்டு போறாங்க, போகணும், கட்டாயம் போகணும். ஆனா அதே மாகாணத்துல, சில மணி நேர தூரத்துல இதுவும் இருக்கு. ஒண்ணை மட்டும் பார்த்தா அந்தப் போர் பத்தி பாதிக்கதைதான் கையில இருக்கும். நேரம் இருந்தா ரெண்டையும் அடுத்தடுத்த நாள் வைங்க, ஒரே நாள்ல வேண்டாம், மனசு தாங்காது, அது போக கடைசி படகையும் விட்டுடுவீங்க.

மியூசியம் முடிச்சுட்டு தீவை சுத்துங்க, கரை ஓரமா மொத்தமே 4 கிலோமீட்டர் சொச்சம்தான். நடக்கலாம், சைக்கிளும் வாடகைக்கு கிடைக்கும். சொந்த கார்ல உள்ள சுத்த முடியாது. சுத்துற வழியில பவர் ஹவுஸ் கட்டடம் நிக்குது, கண்ணாடியெல்லாம் உடைஞ்சு கொடி படர்ந்து. இங்கதான் அமெரிக்காவுக்கு பறக்க விட்ட பலூன் குண்டு வேலையும் நடந்திருக்கு, கொன்யாக்கு கிழங்கு பசையில காகிதத்தை ஒட்டி ஒட்டி ஸ்கூல் பொண்ணுங்க செஞ்சது. இன்னொரு பக்கம் நாகாஉரா சேமிப்புக் கிடங்கு, ஒவ்வொரு அறையிலயும் 100 டன் டாங்க் வச்சிருந்த கான்கிரீட் பிரம்மாண்டம். சுவரெல்லாம் கரி பிடிச்ச மாதிரி கருப்பா இருக்கும், அது வயசானதால இல்ல, போர் முடிஞ்சதும் மிச்சமிருந்த விஷத்தை அழிக்க தீப்பாய்ச்சி எரிச்சது. 1946, 47ல நேசநாட்டு படை மேற்பார்வையில மிச்சத்தை கப்பல்ல ஏத்தி ஷிகோகு தீவுக்கு தெக்கால கடல்ல கொட்டினாங்க, கொஞ்சம் எரிச்சாங்க, கொஞ்சம் புதைச்சாங்க. இடிபாடுகளுக்கு வேலி போட்டு உள்ள வராதீங்கன்னு எழுதியிருக்கும், போட்டோவுக்காக தாண்டி ஏறுறவங்களை பார்த்தேன். கூரை விழும்ங்கிற பயம் ஒரு பக்கம், அந்த மண்ணுல என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சும் எப்படி கால் வைக்க மனசு வருதுன்னு இன்னொரு பக்கம்.

குன்று மேல ஒரு மின்கோபுரம் இருக்கு, 226 மீட்டர், ஜப்பான்லயே உயரமானதுகள்ல ஒண்ணு, ஷிகோகுவுக்கு கரண்ட் போறது. அது பக்கத்துல போற ஏத்தம் கொஞ்சம் செங்குத்து, முட்டி வலி உள்ளவங்க கரைப் பாதையோட நிறுத்திக்கலாம். ரஷ்யாவோட போருக்கு முன்னாடி கட்டின பீரங்கி மேடைகளும் இருக்கு, ஒரு தீவுல ரெண்டு போர் காலத்து மிச்சம்.

சரி, முயல். நிறைய பேர் நினைக்கிற மாதிரி இதுங்க ஃபேக்டரியில சோதனைக்கு வச்சிருந்த முயலோட வாரிசு இல்ல. அந்த முயலுங்களை போர் முடியும்போது கொன்னுட்டதாத்தான் சொல்றாங்க. இப்ப இருக்கிறது 1971ல ஒரு ஸ்கூல்ல வளர்த்த எட்டு முயலை இங்க விட்டதுல இருந்து பெருகினதுன்னு பரவலா சொல்றாங்க. சோதனை முயல் தப்பிச்சு தீவை ஆண்டுச்சுங்கிற கதை கேக்க நல்லா இருக்கு, அவ்ளோதான்.

கிட்டத்துல பார்த்தா காது கிழிஞ்சது, கண்ணு புண்ணானது, முடி கொட்டினதுன்னு நிறைய இருக்கும். இடத்துக்கு சண்டை போடுதுங்க. தீவுல புல்லு பூண்டை மேஞ்சு தீர்த்தாச்சு, அதனால நம்ம கொண்டு போற தீனியை நம்பித்தான் வயிறு இருக்கு, வார இறுதியில தின்னு தின்னு வயிறு கெடுது, மழை நாள்ல ஆள் வரலைன்னா பட்டினி. இதை பார்த்தப்புறம் எனக்கு அந்த ரீல்ஸ் மேல ஒரு கோபமே வந்துடுச்சு. கொண்டு போறதா இருந்தா கேரட், முட்டைகோஸ், முயல் பெல்லட், பிரெட்டும் பிஸ்கட்டும் வேண்டவே வேண்டாம். ரோட்டுல வச்சு கொடுக்காதீங்க, ஹோட்டல் பஸ் ஓடுது, சைக்கிள் ஓடுது, சாப்பிடற ஜோர்ல நகராது. மிச்சத்தை தரையில கொட்டிட்டு வராதீங்க, காக்கா வரும், காட்டுப்பன்னியும் வரும், பன்னி கடல்ல நீந்தியே தீவுக்கு வந்துடுதாம். அங்கங்க தண்ணி கிண்ணம் வச்சிருப்பாங்க, ஒரு பெரிய பாட்டில் தண்ணி கொண்டு போய் காலியா இருக்கிறதுல ஊத்துங்க, வெயில் காலத்துல தீனியை விட அதுதான் உதவி.

தூக்காதீங்க. முயலை தூக்கினா பயத்துல உதறும், விழுந்தா முதுகெலும்பு உடையும். பொண்ணு "ஒரே ஒரு தடவைப்பா"ன்னு கெஞ்சினா, அத்தைதான் "உன்னைவிட பத்து மடங்கு பெரிய ஆள் உன்னை தூக்கினா நீ சும்மா இருப்பியா?"ன்னு கேட்டு அடக்கினாங்க. விரலால ஊட்டுறதும் வேண்டாம், பல்லு கத்தி மாதிரி இருக்கும், தட்டையான உள்ளங்கையில வைங்க. மதியத்துல வெயில்னா எல்லாம் புதருக்குள்ள குழிக்குள்ள படுத்துடும், காலையிலயோ சாயங்காலமோ போறதுதான் நல்லது.

2025 ஜனவரியில முயலை உதைச்சதுக்காக ஒரு இளைஞனை போலீஸ் கைது பண்ணாங்க, அதுக்கு முந்தின மாசங்கள்ல டஜன் கணக்குல முயல் செத்துக்கிடந்துச்சு. மனுஷனை பார்த்தா ஓடாம கிட்ட வர்ற பழக்கத்தை நாமதான் அதுங்களுக்கு கத்துக் கொடுத்தோம், அந்த பழக்கம்தான் அதுங்களுக்கு ஆபத்தாவும் ஆயிடுச்சு.

தங்கறதா இருந்தா முன்கூட்டியே புக் பண்ணுங்க, ஒரே ஹோட்டல்ங்கிறதால லீவு நாள்ல கிடைக்காது. தங்கினா பெரிய லாபம் என்னன்னா பகல் கூட்டம் கடைசி படகுல கிளம்பினப்புறம் தீவு உங்களுக்குத்தான், விடிகாலையிலயும் முயலுங்க நல்லா வெளிய வரும், வெந்நீர் குளியலும் இருக்கு. ஏப்ரல் கடைசி, மே ஆரம்பத்துல வர்ற கோல்டன் வீக் தொடர் லீவு சமயத்துல மட்டும் போகாதீங்க, படகுக்கே நீள க்யூ நிக்கும்.

திரும்பும்போது வந்த வழியே போகணும்னு இல்ல. சில படகு தீவுல இருந்து பக்கத்து தீவு ஓமிஷிமாவோட சகாரி துறைமுகத்துக்கும் போகும், அங்க இருந்து ஷிமானாமி கைடோ சைக்கிள் பாதையில சேர்ந்துடலாம், ஓனோமிச்சி பக்கமோ இமாபாரி பக்கமோ போகலாம். ஆனா ரெண்டு பக்க படகுக்கும் டைம் டேபிள் வேற வேற, இறங்கின உடனே படகுத்துறையில ஒட்டியிருக்கிற ரெண்டையும் போன்ல போட்டோ எடுத்துக்கோங்க, அதுல கடைசி படகு நேரத்தை கூட வர்ற எல்லாருக்கும் சொல்லி வச்சிடுங்க. மாமாவுக்கு முட்டி வலி, அத்தைக்கு தூக்கம், சைக்கிளாவது ஒண்ணாவதுன்னு நாங்க தடனோஉமிக்கே திரும்பிட்டோம், ட்ரெய்னுக்கு இன்னும் நேரம் இருந்துச்சு, மீதி புளியோதரையை பிளாட்ஃபார்ம்ல உட்கார்ந்து காலி பண்ணோம்.